7.2 என்றால் எவ்வளவு உப்பு?

நகைக்கடைத் தராசில் நெல் மூட்டையை நிறுக்க முடியுமா? முடியாது, தட்டே நசுங்கிவிடும். சரி, நெல் மண்டியில் மூட்டை நிறுக்கும் எடைமேடையில் ஒரு மூக்குத்தியை வைத்துப் பாருங்கள். முள் அசையவே அசையாது. இரண்டு தராசுகளும் நல்லவைதாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் உள்ள பொருளை மட்டுமே அது சரியாக நிறுக்கும்.

இப்போது மூக்குத்தியையும் மூட்டையையும் மாறி மாறி ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் கடலூர் மாவட்டத்துக் கழிமுகங்களில் நீரின் தரத்தை அளக்க விரும்பும் எவரும் இந்தக் கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

ஒரே இடம், இரண்டு நீர்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் சென்றாலும் ரயிலில் சென்றாலும் வெள்ளாற்றைக் கடந்தே ஆக வேண்டும். சேலம் மாவட்டத்து மலைகளில் தோன்றி, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி வரும் இந்த ஆறு, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. அங்கே ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்தக் கழிமுகத்தின் நீரை ஆராய்ந்து வருகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, வெள்ளாற்று வெள்ளம் கடல்நீரை முகத்துவாரத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது கழிமுகத்து நீரில் உப்பு மிகக் குறைவு. சித்திரை, வைகாசியில் ஆற்றில் வரத்து நின்றதும் நிலைமை தலைகீழாகிறது. கடல் உள்ளே வருகிறது. அதே இடத்து நீர் கடல்நீரைப் போலவே கரிக்கிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நிகழும் மாற்றம் அன்று இது. நமது கடற்கரையில் நாள்தோறும் இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும். இறக்கத்தின்போது நன்னீர் கடலை நோக்கி இறங்கும். கனமான உப்புநீர் அடியிலும், இலேசான நன்னீர் மேலேயும் ஓடும் நாட்களும் உண்டு. சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இடையில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகள் என்று இப்பகுதி முழுவதுமே இந்த இழுபறியில் வாழ்கிறது.

இதில் நெல்லின் தலைவிதியும் அடங்கியிருக்கிறது. கழிமுகத்தை ஒட்டிய வாய்க்காலிலிருந்து நீர் இறைக்கும் ஓர் உழவரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று வாய்க்காலில் வருவது ஆற்று நீரா, கடல்நீர் கலந்ததா என்பது நீரின் நிறத்தைப் பார்த்தால் தெரியாது. தவறான வேளையில் இறைத்தால், நாற்று கருகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கடலூர்க் கடற்கரையின் வயல்களிலும் கிணறுகளிலும் கடல்நீர் புகுந்தது. வயலில் ஒருமுறை புகுந்த உப்பை வெளியேற்ற நல்ல மழையும் நன்னீரும் வேண்டும் என்பதை அம்மக்கள் நன்கறிவார்கள்.

ஆகவே, வாய்க்காலின் தலைப்பில் ஒரு கருவியை நிறுத்தி, இரவும் பகலும் உப்பை அளந்துகொண்டே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கருவி எப்படி வேலை செய்யும்?

மின்சாரத்தால் உப்பை அறிதல்

உப்பு நீரில் கரைந்தால் அயனிகளாகப் பிரியும். அயனிகள் மின்சாரத்தைச் சுமந்து செல்லும். உப்பு அதிகமானால் அயனிகள் அதிகம், மின்னோட்டமும் அதிகம். ஆகவே நீரின் மின்கடத்துதிறனை அளந்தால் உப்பின் அளவை மதிப்பிடலாம்.

இரு மின்வாய்களை நீரில் அமிழ்த்தி, அவற்றுக்கிடையே மாறுதிசை மின்னழுத்தம் தருகிறார்கள். நேர்திசை மின்னழுத்தம் தந்தால் மின்வாய்களின்மேல் அயனிகள் சென்று அடைந்துகொண்டு அளவைக் கெடுத்துவிடும். மாறுதிசை மின்னோட்டத்தால் இக்குறையைப் போக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இயற்பியலார் கோல்ரௌஷ். நீர் சூடானால் கடத்துதிறன் டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். எனவே, கருவி வெப்பநிலையையும் அளந்து, விடையை 25 டிகிரி செல்சியசுக்கு உரியதாகத் திருத்திச் சொல்கிறது.

கடத்துதிறனின் அலகு சீமென்ஸ். பழைய நூல்களில் இதை 'மோ' என்று எழுதியிருப்பார்கள். 'ஓம்' என்பதைத் திருப்பிப் போட்ட சொல் அது! 1971இல்தான் சீமென்ஸ் என்ற பெயர் பன்னாட்டு அலகு முறையில் ஏற்கப்பட்டது. நீரை அளக்கும்போது, ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிசீமென்ஸ் என்று சொல்வது வழக்கம். இக்கட்டுரையில் சுருக்கமாக 'மில்லிசீமென்ஸ்' என்றே சொல்வோம்.

நல்ல ஆற்று நீர் ஏறத்தாழ 0.4 மில்லிசீமென்ஸ். கடல்நீர் 25 டிகிரியில் ஏறத்தாழ 53 மில்லிசீமென்ஸ். நெல்லைப் பொறுத்தவரை, பாசன நீர் 2 மில்லிசீமென்ஸ் வரை இருந்தால் விளைச்சல் குறையாது என்றும், 4.8ஐ எட்டினால் விளைச்சல் பாதியாகிவிடும் என்றும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டி கூறுகிறது.

0.4 எங்கே, 53 எங்கே! நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. மூக்குத்தியும் மூட்டையும் ஒரே தட்டுக்கு வந்துவிட்டன.

கம்பி வழியே ஒரு தூதன்

உணர்முனை நீரில் இருக்கிறது. அதன் அருகே உள்ள பெட்டியின் முகப்பில் அளவு எண்ணாகத் தெரியும். ஆனால் நள்ளிரவில் வாய்க்காலின் ஓரம் நின்று அந்த எண்ணைப் படிப்பவர் யார்? அளவைத் தொலைவில் உள்ள அறைக்குக் கம்பி வழியே அனுப்ப வேண்டும்.

தொழிற்சாலைகளிலும் நீர்நிலையங்களிலும் இதற்குப் பெரிதும் வழக்கில் உள்ள முறை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டம். நீங்கள் கேட்கலாம்: மின்னழுத்தத்தை அனுப்பாமல் ஏன் மின்னோட்டத்தை அனுப்ப வேண்டும்? தொடர் சுற்றில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றே என்பது உங்கள் பாடத்தில் உள்ளதுதான். நீண்ட கம்பியின் மின்தடையால் வழியில் மின்னழுத்தம் குறையும்; மின்னோட்டம் குறையாது. மறுமுனையில் 250 ஓம் மின்தடையை இணைத்தால், ஓமின் விதிப்படி 4 மில்லிஆம்பியர் 1 வோல்ட்டாகவும், 20 மில்லிஆம்பியர் 5 வோல்ட்டாகவும் தெரியும்.

சுழியிலிருந்து தொடங்காமல் 4இலிருந்து ஏன் தொடங்குகிறார்கள்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். 'உப்பே இல்லை' என்பதும் சுழி, 'கம்பி அறுந்தது' என்பதும் சுழி என்றால் குழப்பம்தானே? 'உப்பே இல்லை' என்பதற்கு 4 என்று வைத்துவிட்டால், சுழி வந்தவுடன் கோளாறு என்று தெரிந்துவிடும். எளிய, ஆனால் அருமையான ஏற்பாடு!

ஒரே அளவெல்லை போதாது

கடல்நீரும் அடங்கவேண்டும் என்பதால், 4 மில்லிஆம்பியருக்கு 0 என்றும் 20 மில்லிஆம்பியருக்கு 100 மில்லிசீமென்ஸ் என்றும் அமைத்துவிடுவோம். அதாவது அளவெல்லை 0–100. இதில் 0.4 மில்லிசீமென்ஸ் ஆற்று நீர் வந்தால் வெளியீடு என்ன?

4 + 16 × 0.4/100 = 4.064 மில்லிஆம்பியர்.

நான்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இந்தச் சுற்றில் 0.1 சதவீதப் பிழை இருப்பதாகக் கொள்வோம். நல்ல கருவிதான். ஆனால் 100இல் 0.1 சதவீதம் என்பது 0.1 மில்லிசீமென்ஸ். 0.4 என்ற நீரை 0.3 என்றோ 0.5 என்றோ காட்டும். ஆற்று நீரில் உப்பு கால் பங்கு கூடினாலும் நமக்குத் தெரியாது. எடைமேடையில் மூக்குத்தி வைத்த கதைதான்.

அப்படியானால் அளவெல்லையை 0–2 என்று சுருக்குவோமா? ஆற்று நீர் இப்போது 7.2 மில்லிஆம்பியர் என்று தெளிவாகத் தெரியும், பிழை 0.002 மில்லிசீமென்ஸ் மட்டுமே. ஆனால் கடல் ஏறும்போது? நீர் 2ஐத் தாண்டியவுடன் வெளியீடு 20இல் முட்டிக்கொண்டு நிற்கும். 3 என்றாலும் 20. 53 என்றாலும் 20.

முட்டி நிற்கும் முள் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1986 ஏப்ரல் 26 அன்று செர்நோபில் அணு உலை வெடித்தபோது, பணியாளர்களின் கைக்கு எட்டிய கதிர்வீச்சு அளவிகள் மணிக்கு 3.6 ராண்ட்ஜன் வரைதான் அளக்கக்கூடியவை. முள் அங்கே போய் நின்றது. 'அளவு 3.6' என்றே முதலில் செய்தி மேலே சென்றது. சிதைந்த உலையின் அருகே உண்மை அளவு அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. '3.6' என்பதற்கும் '3.6க்குக் குறையாதது' என்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே உயிர்களின் வேறுபாடாக இருந்தது.

தானே மாறும் அளவெல்லை

ஆய்வகத்தில் மல்டிமீட்டரைப் பயன்படுத்தும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முள் எல்லையைத் தாண்டினால், குமிழைத் திருகி அடுத்த அளவெல்லைக்கு மாற்றுகிறீர்கள். அதே வேலையை நீர்த்தரக் கருவி தானே செய்துகொள்ளும்படி அமைக்கலாம். இதுவே தானியங்கி அளவெல்லை மாற்றம்.

முதல் அளவெல்லை 0–2, இரண்டாவது 0–20, மூன்றாவது 0–100 என்று வைத்துக்கொள்வோம். நீர் 2ஐத் தாண்டினால் வெளியீடு இரண்டாவதற்கு மாறும். 20ஐத் தாண்டினால் மூன்றாவதற்கு. உப்பு குறையும்போது இறங்கி வரும். மூக்குத்திக்கு நகைத் தராசு, மூட்டைக்கு எடைமேடை!

சிக்கல் தீர்ந்ததா? இல்லை, இப்போதுதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. தொலைவில் உள்ள அறையில் பதிவுக்கருவி 7.2 மில்லிஆம்பியர் என்று காட்டுகிறது. இதன் பொருள் என்ன?

முதல் அளவெல்லையில்: (7.2 − 4)/16 × 2 = 0.4 மில்லிசீமென்ஸ்.
இரண்டாவதில்: (7.2 − 4)/16 × 20 = 4 மில்லிசீமென்ஸ்.
மூன்றாவதில்: (7.2 − 4)/16 × 100 = 20 மில்லிசீமென்ஸ்.

முதலாவது நல்ல ஆற்று நீர். இரண்டாவது நெல் விளைச்சலைப் பெரிதும் குறைக்கும் நீர். மூன்றாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்த நீர். மூன்றுக்கும் ஒரே 7.2! அறையில் இருப்பவர் முதல் அளவெல்லை என்று எண்ணிக்கொண்டு மோட்டாரைப் போடச் சொன்னால் வயல் என்னாகும்?

அளவுகோல் தெரியாத எண் அளவே ஆகாது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய ஒரு விண்கலம் இதனால்தான் அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் நிரல் பவுண்டு அலகில் தந்தது. மற்றொரு குழுவின் நிரல் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. எண் சரி, அளவுகோல் தவறு. 4.45 மடங்கு பிழை.

'எந்த எல்லையில் பேசுகிறேன்' என்று சொல்லும் கருவி

ஆகவே அளவெல்லையை மாற்றும் கருவி, மாற்றியதையும் சொல்லியாக வேண்டும். இதற்கு ரிலேக்கள் துணை செய்கின்றன. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சாவி. அதன் தொடுமுனைகள் மூடும், திறக்கும். அளவெல்லைக்கு ஒன்றாக மூன்று தொடுமுனைகள் வைத்து, அவற்றின் கம்பிகளையும் பதிவுக்கருவிக்குக் கொண்டுசெல்கிறார்கள். முதல் தொடுமுனை மூடியிருந்தால் முதல் அளவெல்லை. இரண்டாவது மூடியிருந்தால் இரண்டாவது.

கணக்கில் கெட்டிக்காரரான மாணவர் ஒருவர் இங்கே கை தூக்குவார்: "ஐயா, இரண்டு தொடுமுனைகளே போதுமே! மூடல், திறப்பு என்று நான்கு நிலைகள் கிடைக்குமே!" உண்மைதான். ஆனால் மூன்று வைத்தால் ஒரு காவல் கிடைக்கிறது. எந்த நேரத்திலும் ஒன்றே ஒன்று மூடியிருக்க வேண்டும். எதுவுமே மூடியில்லை என்றால் மின்சாரம் போயிற்று அல்லது கம்பி அறுந்தது. இரண்டு மூடியிருந்தால் எங்கோ கம்பிகள் ஒட்டிக்கொண்டன. சுழிக்குப் பதில் 4 வைத்த அதே அறிவுதான் இது: கோளாறு நல்ல செய்தியின் வேடத்தில் வந்துவிடக் கூடாது.

மாறும் இடத்தை எங்கே வைப்பது?

இப்போது நமது அமைப்பில் ஒரு குறையைப் பாருங்கள். நெல்லுக்கு எல்லை 2 மில்லிசீமென்ஸ். நமது முதல் அளவெல்லையும் சரியாக 2இல் முடிகிறது. எந்த எண்ணை நாம் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டுமோ, அந்த எண்ணில்தான் கருவி தன் தராசை மாற்றிக்கொண்டிருக்கும்! நாட்டு எல்லைக்கல்லை நடுவீட்டில் நட்டது போல இது. ஆகவே, முதல் அளவெல்லையை 0–5 என்று அகலப்படுத்துவோம். பிழை 0.002இலிருந்து 0.005 ஆகும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. நெல்லின் எல்லையான 2இல் கருவி இப்போது நிதானமாக 10.4 மில்லிஆம்பியர் காட்டும்.

அடுத்த தொல்லை. கடல் ஏறும் நேரம். உப்புநீரும் நன்னீரும் திட்டுத்திட்டாகக் கலந்து வருகின்றன. கடத்துதிறன் 4.9, 5.1, 4.9, 5.1 என்று ஊசலாடுகிறது. 5இல் மாறுமாறு வைத்திருந்தால் கருவி நொடிக்கொரு முறை மாறும். ரிலே 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருந்து சீக்கிரம் தேய்ந்துபோகும்.

உங்கள் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் தானியங்கி மோட்டார் இருந்தால் அதைக் கவனியுங்கள். நீர் ஒரு விரற்கடை குறைந்தவுடன் மோட்டார் ஓடுகிறதா? இல்லை. நன்றாகக் குறைந்த பிறகே ஓடுகிறது. நிரம்பிய பிறகே நிற்கிறது. அதுபோல, ஏறும்போது 4.9இல் மாறு, இறங்கும்போது 4.2க்கு வந்த பிறகே திரும்பு என்று கருவிக்குச் சொல்ல வேண்டும். காந்தவியலில் 'தயக்கம்' என்று படிக்கிறீர்களே, அதே சொல்தான் இதற்கும். காந்தப்புலத்தை நீக்கிய பின்னும் இரும்பு தன் காந்தத்தை உடனே விடுவதில்லை. கருவியும் தன் அளவெல்லையை உடனே விடுவதில்லை. இங்கே தயக்கம் ஒரு நற்குணம்!

பொய்யாக எழும் சிகரம்

பதிவுக்கருவி மின்னோட்டத்தை ஒரு கணத்திலும், தொடுமுனையை அடுத்த கணத்திலும் படிக்கிறது என்று கொள்வோம். நீர் 4.9. முதல் அளவெல்லையில் மின்னோட்டம் 19.68. அதைப் படித்த மறுகணமே கருவி மாறிவிடுகிறது. பதிவுக்கருவி இரண்டாவது தொடுமுனை மூடியிருப்பதைக் காண்கிறது. உடனே 19.68ஐ 0–20 என்ற அளவெல்லையில் வைத்துக் கணக்கிடுகிறது. விடை 19.6 மில்லிசீமென்ஸ்! வாய்க்காலில் கடல் புகுந்துவிட்டதாக எச்சரிக்கை மணி அடிக்கும். அடிக்கடி இப்படிப் பொய்யாக அடித்தால், ஒருநாள் மெய்யாக அடிக்கும்போது எவரும் எழுந்து பார்க்கமாட்டார்கள். இதற்கு மருந்து எளியது: தொடுமுனை மாறிய பின் சில விநாடிகளுக்கு வரும் அளவுகளை ஏற்காமல், முந்தைய அளவையே வைத்திருக்கச் செய்ய வேண்டும்.

சராசரி எடுப்பதிலும் கவனம் தேவை. 4.9 மில்லிசீமென்ஸ் முதல் அளவெல்லையில் 19.68, 5.1 இரண்டாவதில் 8.08. இவ்விரு மின்னோட்டங்களின் சராசரி 13.88 என்பது எந்த நீரின் அளவும் அன்று. முதலில் ஒவ்வொன்றையும் மில்லிசீமென்சாக மாற்ற வேண்டும். அதன் பிறகே சராசரி. இந்த எடுத்துக்காட்டில் சரியான சராசரி 5 என்பது பார்த்தவுடனே தெரிகிறதே!

அமைத்து முடித்ததும் சோதிக்க வேண்டும். இதற்குப் பொட்டாசியம் குளோரைடு கரைசல்கள் உதவுகின்றன. 25 டிகிரியில் 0.01 மோலார் கரைசல் 1.413 மில்லிசீமென்ஸ்; 0.1 மோலார் கரைசல் 12.88. முதலாவதில் உணர்முனையை அமிழ்த்தினால் முதல் தொடுமுனை மூடி, 8.52 மில்லிஆம்பியர் வர வேண்டும். இரண்டாவதில் அமிழ்த்தினால் இரண்டாவது தொடுமுனை மூடி, 14.30 வர வேண்டும். 1 மோலார் கரைசல் 111.8. இது மூன்றாவது எல்லையையும் தாண்டியது. அப்போது கருவி 20இல் சும்மா நிற்கக் கூடாது. 22 போன்ற ஓர் அளவுக்கு ஏறி, 'என் எல்லை முடிந்தது' என்று சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நல்ல கருவியின் இலக்கணம்.

வேறு வழியே இல்லையா?

உண்டு. மடக்கை அட்டவணையை நினைவுகூருங்கள். 0.1 முதல் 100 வரை ஆயிரம் மடங்கு. இதை மடக்கையாக்கினால் மூன்று சம பகுதிகள். ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 5.33 மில்லிஆம்பியர் ஒதுக்கினால் அளவெல்லையை மாற்றவே வேண்டாம். அதே 0.1 சதவீதச் சுற்றுப் பிழை, எந்த நீரிலும் அதன் அளவில் ஏறத்தாழ 0.7 சதவீதப் பிழையாக வரும். அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு இப்படிப்பட்ட மடக்கை அளவுதான். 4க்கும் 7க்கும் இடையே ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஆயிரம் மடங்கு வேறுபட்டாலும், எண் 4இலிருந்து 7க்கு அடக்கமாக நகர்கிறது.

மற்றொரு வழி, இரண்டு வெளியீடுகளை ஒரே நேரத்தில் அனுப்புவது: ஒன்று 0–5, மற்றொன்று 0–100. முதலாவது முட்டி நின்றால் இரண்டாவதைப் பார்க்கலாம். இன்று அளவை அலகோடு சேர்த்து எண்ணாகவே கணிப்பொறிக்கு அனுப்பும் கருவிகளும் பரவியுள்ளன; அவற்றில் இந்தக் குழப்பம் குறைவு. எனினும் 4–20 மில்லிஆம்பியர் கம்பிகள் இன்னும் ஏராளமான இடங்களில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

கடலூரின் உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதை அறிவீர்கள். மிகுந்த மாசு தரக்கூடிய 17 வகைத் தொழிற்சாலைகள் தங்கள் கழிவுநீரையும் புகையையும் தொடர்ந்து அளந்து இணைய வழியே அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் பணித்தது. அப்படி வரும் ஒரு வரைபடத்தில் கோடு தட்டையாக ஒரே உயரத்தில் ஓடினால் 'எல்லாம் நலம்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீர் உண்மையிலேயே மாறாமல் இருக்கிறதா, அல்லது வெளியீடு தன் எல்லையில் முட்டி நிற்கிறதா என்று கேட்க வேண்டும். கோடு திடீரென விழுந்தால், மாசு குறைந்ததா, அளவெல்லை மாறியதா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்க அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

செய்து பாருங்கள்

வானொலி உதிரிப்பொருள் கடையில் 4.7 ஓம், 4.7 கிலோஓம், 4.7 மெகாஓம் மின்தடைகளை வாங்குங்கள். சில ரூபாய்தான் ஆகும். அளவெல்லையைத் தானே மாற்றிக்கொள்ளும் மல்டிமீட்டர் ஒன்றால் ஒவ்வொன்றையும் அளந்து, திரையில் தெரியும் எண்ணை மட்டும் தாளில் எழுதுங்கள். மூன்றும் ஏறத்தாழ 4.7 என்றே இருக்கும். அந்தத் தாளை நண்பரிடம் கொடுத்து, எது பெரியது என்று கேளுங்கள். அவர் விழிப்பார். பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் திரையின் மூலையில் தெரியும் சிறு குறியையும் எழுதிக் கொடுங்கள். பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு அந்தச் சிறு குறிக்குள் ஒளிந்திருப்பது அவருக்கு விளங்கும். இனி ஆய்வகப் பதிவேட்டில் அலகை எழுதாமல் விட்டதற்கு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தால், அவர்மேல் கோபம் வராது.

முடிக்கும் முன் ஒரு கணக்கு. நாம் அமைத்த கருவியின் அளவெல்லைகள் 0–5, 0–20, 0–100. ஒரு நாள் விடியற்காலை பதிவேட்டில் 12 மில்லிஆம்பியர் என்று இருக்கிறது. இரண்டாவது தொடுமுனை மூடியிருந்தது என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. உழவர் மோட்டாரைப் போடலாமா என்று கேட்கிறார். கணக்கிட்டு அவருக்கு விடை சொல்லுங்கள்.